கணக்கு உதைக்கிறது

இந்தக் கூரையைப் போட்டவன் அவசரக்காரன்.
வடக்கு மூலையில் தகடும் தகடும் சேருமிடத்தில்
ஒரு விரற்கடை ஏற்றி மடித்திருக்க வேண்டும்.
மடிக்கவில்லை.
லூசியானாவின் டிசம்பர் மழை
பத்தொன்பதாம் கட்டிலின் கால்மாட்டில்
சொட்டிக்கொண்டிருக்கிறது, நீல வாளிக்குள்.

ஹூஸ்டனில் பதினேழு வருடம் கூரை போட்டவன் நான்.
பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று
வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
அவ்வளவுதான்.
இங்கே விளக்குகள் அணைவதே இல்லை.

இன்று இருபத்துநாலு.
மாலை நாலு மணிக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது:
நனைந்த அட்டை போல இரண்டு துண்டு வான்கோழி,
ஓர் ஆரஞ்சு,
மணிகள் அச்சடித்த காகித நாப்கின்.
அதில் யாரும் கை துடைக்கவில்லை.
எலிசெயோ தன்னுடையதை மடித்துப்
பைபிளுக்குள் வைத்துக்கொண்டான்.

பிறகு எங்கள் சமையல்.
சோளச் சிப்ஸ் பதினோரு பாக்கெட்,
மூன்று வாரமாகச் சேர்த்தது.
திறக்காமலே முழங்கையால் நொறுக்கி,
குளியலறைக் குழாயின் வெந்நீர் விட்டுப் பிசைந்து,
உலர்ந்த இறைச்சிக் குச்சியை நடுவில் புதைத்து,
பையோடு சுருட்டி,
துண்டில் பொதிந்து கம்பளிக்கடியில் வைத்தோம்.
தமாலே.
பெயரைச் சொன்னால்தான் தெரியும்.

அப்போதுதான் எண்ண வந்தார்கள்.

அறுபத்தொன்று, என்றார் திபோடோ.
தாளில் அறுபத்திரண்டு.
மறுபடி,
கட்டில் கட்டிலாகத் தொட்டு, உதடசைத்து,
அறுபத்தொன்று.
கணக்கு உதைத்தால் யாரும் இறங்கக் கூடாது.
தொலைபேசி கிடையாது. கழிப்பறை கிடையாது.
கம்பளிக்கடியில்
பண்டிகை ஆறிக்கொண்டிருந்தது.

குறைந்த தலை யாருடையதென்று எங்களுக்குத் தெரியும்.
விடியுமுன் மூன்று மணிக்கு அச்சிரியை எழுப்பி
உடைமைகளை ஒரு வலைப்பையில் போடச் சொன்னார்கள்.
ஒரு செருப்பைத் தேடிக்கொண்டே போனான்.
அது இன்னும் அவன் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
யாரும் வாய் திறக்கவில்லை.
சொன்னால் கணக்கு நேராகிவிடும்.
நேரானால்
அவன் போய்விட்டதாக ஆகிவிடும்.

"அந்தப் பிள்ளை பிறந்ததும் இப்படித்தான்,
அப்பனும் ஆத்தாளும் தலைக்கணக்குக்குப் போன ஊரில்"
என்று முணுமுணுத்தான் எலிசெயோ.
மேல்கட்டிலில் யாரோ சிரித்தார்கள்.

மூன்றாம் முறை எண்ணும்போது
வாளியருகே நின்று அண்ணாந்தார் திபோடோ.
"நீ கூரைக்காரன்தானே. இதை அடைப்பாயா?"
"அரைமணி வேலை.
ஓர் ஏணி கொடுங்கள்."
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை.
வியாழக்கிழமை துனியா போனில் சொன்னாள்,
வாடகைக்காக ஏணியை விற்றுவிட்டாளாம்.
இருபத்தெட்டு அடி.
இந்த வருடம் மரம் வாங்க வழியில்லையென்று
யாரெலி அதில்தான்
வண்ண விளக்குச் சரம் சுற்றியிருந்தாளாம்.
வந்தவன் சரத்தை அவிழ்க்கும்வரை
பொறுமையாக நின்றானாம். நல்லவன்.

ஒன்பது மணிக்கு வேறொரு தாள் வந்தது.
அறுபத்தொன்று.
சரி.

கத்தி ஏது? அடையாள அட்டையின் விளிம்பால்
அறுத்தான் எலிசெயோ, ஆளுக்கு இரண்டு விரற்கடை.
ஒன்று கூடுதல் என்றேன்.
பழைய தாள்படி, என்றான்.

டெஸ்ஃபாலெம் வாங்கிக்கொண்டான், தின்னவில்லை.
அவனுக்கு நோன்பு.
எரித்ரியாவில் அந்தப் பிறப்பு ஜனவரி ஏழு,
இன்னும் பதினாலு நாள்.
"அதுவரை இருப்பாயா?" என்று கேட்டுவிட்டேன்.
இருப்பேன் என்பது நல்ல பதிலா,
இருக்கமாட்டேன் என்பதா,
இருவருக்குமே விளங்கவில்லை.
தன் துண்டையும் அச்சிரியின் துண்டையும்
அந்த ஒற்றைச் செருப்பின் பக்கத்தில் வைத்தான்,
நாப்கின் விரித்து.

மழை விட்டும் மூலை விடவில்லை.
இரவு இரண்டு மணிக்கு வாளியை ஊற்றுவது என் முறை.
ஊற்றிவிட்டு வந்து குனிந்து பார்த்தேன்:
எறும்புகள்.
எந்த இடுக்கில் நுழைந்தனவென்று
கூரைக்காரன் எனக்கே
பிடிபடவில்லை.